வாசலைப் பார்த்து நுழையுங்கள்: கல்லூரிக் கட்டணமும் அரசு உதவியும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே போன் வரத் தொடங்கிவிடும். "சார், உங்க பொண்ணுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் எடுத்து வெச்சிருக்கோம். இன்னிக்கு பத்தாயிரம் மட்டும் போட்டுவிடுங்க, மீதியை அப்புறம் பார்த்துக்கலாம்." எதிர்முனையில் பேசுபவர் ஸ்காலர்ஷிப் பற்றியும் சொல்வார். "அதெல்லாம் கவர்மென்ட்ல வந்துடும் சார்" என்பார். வருமா வராதா என்பது அந்தப் பத்தாயிரத்தைக் கட்டும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

தமிழ்நாட்டில் உயர்கல்விக்கு அரசு தரும் உதவிகளுக்குக் குறைவில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், சாதி வாரியான கல்வி உதவித்தொகைகள், வட்டி மானியத்தோடு வங்கிக் கடன் என்று பட்டியல் நீளம். ஆனால் இவற்றில் எதுவும் வறுமையை மட்டும் பார்த்து வந்து சேர்வதில்லை. எந்தப் பள்ளியில் படித்தார், எந்தக் கல்லூரியில் சேர்ந்தார், கலந்தாய்வில் சேர்ந்தாரா நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தாரா என்று பார்த்துத்தான் வருகிறது. ஒரே பெஞ்சில் உட்காரும் இருவரில் ஒருவர் கட்டணமே இல்லாமல் படிப்பார். இன்னொருவரின் அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். இருவரும் வேறு வேறு வாசல் வழியாக நுழைந்தவர்கள், அவ்வளவுதான்.

எனவே கல்லூரி வாசலுக்குப் போகும் முன்னும், உள்ளே போன பின்னும் செய்ய வேண்டியவையும் செய்யக்கூடாதவையும் இங்கே.

1. காகிதங்கள்

செய்ய வேண்டியவை

- ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் தேர்வு முடிந்ததுமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், தகுதி இருந்தால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவை தேவைப்படும். விண்ணப்பம் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் அலுவலகம் என்று மேசை மேசையாகப் போகும். ரிசல்ட்டுக்குப் பிறகு ஊரே அந்த வரிசையில் நிற்கும்.

- எல்லா ஆவணத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். மார்க் ஷீட்டில் 'செல்வி கே', ஆதாரில் 'கே செல்வி', பாஸ்புக்கில் 'செல்வி குமார்' என்று இருந்தால் நமக்கு மூவரும் ஒருவர்தான். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். உதவித்தொகை விண்ணப்பம் நிற்கும் இடங்களில் முக்கியமானது இது. மார்க் ஷீட்டை ஒட்டி மற்றவற்றைத் திருத்திக்கொள்வதே சுலபம்.

- மாணவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்கி, அதில் ஆதாரை அரசுப் பணம் வரும்படி இணையுங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கேஒய்சிக்காக ஆதார் நகல் கொடுத்திருப்பது ஒன்று. அரசு நேரடியாக அனுப்பும் பணம் (டிபிடி) இந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று என்பிசிஐ பதிவில் ஏற்றுவது வேறொன்று. இரண்டாவதற்குத் தனியாக ஒப்புதல் படிவம் கேட்பார்கள். "ஆதார் லிங்க் ஆயிடுச்சு" என்று கவுன்டரில் சொன்னால், "டிபிடி பணம் வருமா?" என்று மறுபடி ஒருமுறை கேளுங்கள்.

- ஐஐடி, என்ஐடி போன்ற மத்திய நிறுவனங்களைக் குறிவைக்கும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் ஓபிசி சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். மாநிலத்தின் பிசி, எம்பிசி சான்றிதழ் அங்கே செல்லாது. கிரீமி லேயரில் வரவில்லை என்பதையும் அந்தச் சான்றிதழ் சொல்ல வேண்டும்.

செய்யக்கூடாதவை

- வருமானத்தைக் குறைத்து எழுதி வாங்காதீர்கள். எஸ்சி, எஸ்டி மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும், பிசி, எம்பிசி மாணவர்களின் தொழிற்படிப்பு உதவிக்கும் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். வங்கி வட்டி மானியத்துக்கு 4.5 லட்சம். ஓரிடத்தில் 72,000 என்றும், அதே குடும்பம் கடன் கேட்கும் வங்கியில் 6 லட்சம் என்றும் காட்டினால் ஏதாவது ஒரு மேசையில் இரண்டும் சந்திக்கும்.

- அண்ணனோ அக்காவோ பட்டதாரி என்பதை மறைத்து முதல் பட்டதாரிச் சான்றிதழ் கேட்காதீர்கள். பொய் என்று பிறகு தெரிந்தால் சலுகையாகப் பெற்ற தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

- அசல் சான்றிதழ்களை ஏஜென்ட் கையிலோ 'சீட் பிளாக்' செய்யும் ஆளிடமோ கொடுக்காதீர்கள். நகல் போதும். அதிலும் எதற்காகக் கொடுத்தோம் என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

2. சீட்டைத் தேர்வு செய்யும்போது

செய்ய வேண்டியவை

- கலை, அறிவியல் படிப்பென்றால் அரசுக் கல்லூரியை முதலில் பாருங்கள். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கான கல்விக் கட்டணம் 2007-08ஆம் ஆண்டிலேயே ரத்தாகிவிட்டது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று சிறு தொகைகள் மட்டுமே இருக்கும்.

- அரசு உதவி பெறும் கல்லூரியில் விண்ணப்பிக்கும்போது, "இது எய்டட் பிரிவா, செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவா?" என்று கேளுங்கள். ஒரே வளாகம், ஒரே பெயர்ப்பலகை, ஒரே பாடத்திட்டமாக இருந்தாலும் காலையில் நடக்கும் வகுப்புக்கும் மதியம் நடக்கும் வகுப்புக்கும் கட்டணம் பல மடங்கு மாறும். பழைய பேரும் புகழும் உள்ள கல்லூரிகளில் பெற்றோர் ஏமாறுவது இங்கேதான்.

- பொறியியல் போன்ற தொழிற்படிப்பென்றால் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் கண்டிப்பாகப் பதிவு செய்யுங்கள். 2010-11இல் வந்த முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை இந்த வழியில் சேர்பவர்களுக்கு மட்டும்தான். அதற்கு வருமான வரம்பு கிடையாது, சாதியும் பார்ப்பதில்லை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர் அந்த வம்சத்திலேயே முதல் பட்டதாரியாக இருந்தாலும் இந்தச் சலுகை கிடைக்காது.

- 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையென்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டை விண்ணப்பத்தில் மறக்காமல் குறிப்பிடுங்கள். 2020இல் மருத்துவப் படிப்புக்கு வந்த இந்த ஒதுக்கீடு, 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. இதில் பொறியியல் இடம் பெறுபவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசுப் பொறுப்பு. இன்றைய திட்டங்களில் இவ்வளவு முழுமையானது வேறில்லை.

- ஐஐடி கட்டணத்தைப் பார்த்துப் பயந்து விலகாதீர்கள். 2016இல் பி.டெக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சமாக உயர்ந்தபோதே விலக்குகளும் வந்தன. எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குக் கீழ் என்றால் எந்தப் பிரிவினரும் கல்விக் கட்டணம் கட்ட வேண்டாம்; 1 முதல் 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. சுமாரான சுயநிதிக் கல்லூரியைவிட ஐஐடி மலிவாக முடியும் குடும்பங்கள் உண்டு.

- நாலு வருஷத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கல்விக் கட்டணம், விடுதி, மெஸ், கல்லூரிப் பேருந்து, தேர்வுக் கட்டணம், சீருடை, 'பிளேஸ்மென்ட் டிரெய்னிங்', மடிக்கணினி என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். பேருந்துக் கட்டணமும் மெஸ் பில்லும் சேர்ந்து கல்விக் கட்டணத்தைத் தொட்டுவிடும் கல்லூரிகள் உண்டு.

செய்யக்கூடாதவை

- கலந்தாய்வு முடியும் முன் 'அட்வான்ஸ்' கட்டாதீர்கள். கட்டிய பிறகு, அந்தப் பணம் போய்விடுமே என்ற ஒரே காரணத்துக்காகக் கலந்தாய்வில் கிடைத்த நல்ல இடத்தை விடுபவர்கள் ஏராளம். பத்தாயிரத்தைக் காப்பாற்றப் போய் பல லட்சத்தை இழப்பது என்றால் இதுதான்.

- கல்லூரி சொல்லும் 'ஸ்காலர்ஷிப்'பை அரசு உதவித்தொகையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலில் கட்டணத்தை ஏற்றிச் சொல்லிவிட்டு மார்க்கைக் காட்டிக் குறைப்பது வியாபாரம். அந்தச் சலுகை முதல் வருஷத்துக்கு மட்டுமா, நாலு வருஷத்துக்குமா, அரியர் விழுந்தால் போய்விடுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் சலுகை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

- "எஸ்சி, எஸ்டி பசங்களுக்கு எந்த சீட்டா இருந்தாலும் அரசாங்கமே கட்டிடும்" என்ற பழைய கணக்கை நம்பிச் சேராதீர்கள். 2012ஆம் ஆண்டின் 92ஆம் எண் அரசாணை, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை அரசு ஏற்கும் என்றது. 2017இல் அந்தப் பொறுப்பு அரசு ஒதுக்கீட்டுக் கட்டணத்தின் அளவுக்குச் சுருங்கியது. நிர்வாக ஒதுக்கீட்டில் இருந்த பிள்ளைகளின் குடும்பங்கள் மேல் வித்தியாசத் தொகை முழுவதும் விழுந்தது. வாசல் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

3. கட்டணம் கட்டும்போது

செய்ய வேண்டியவை

- அரசு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு போங்கள். 2002இல் டி.எம்.ஏ. பை வழக்கில் உச்ச நீதிமன்றம், தனியார் கல்லூரிகள் நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், ஆனால் நன்கொடை வாங்கக்கூடாது என்றது. மறு ஆண்டே இஸ்லாமிக் அகாடமி வழக்கில், கட்டணத்தை ஆராய ஒவ்வொரு மாநிலத்திலும் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு வேண்டும் என்றது. தமிழ்நாட்டின் கட்டண நிர்ணயக் குழு இப்படி வந்ததுதான். 2017இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000; நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, அங்கீகாரம் பெற்றதற்கு 87,000 என்று குழு வைத்தது. நீங்கள் சேரும் ஆண்டின் தொகையைக் கல்லூரியிடம் கேட்காமல் அரசு அறிவிப்பில் பாருங்கள்.

- ரசீதைக் கவுன்டரிலேயே நின்று படியுங்கள். கல்லூரியின் பெயர், தேதி, மாணவர் பெயர், ஒவ்வொரு தலைப்பிலும் எவ்வளவு என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்டிவிட்டு ஐம்பத்தைந்தாயிரத்துக்குக் கல்லூரி ரசீதும், மீதிக்கு ஏதோ ஒரு அறக்கட்டளை பெயரில் 'நன்கொடை' ரசீதும் வாங்கி வந்தால், அந்த இரண்டாவது தாளுக்கு வங்கியும் கடன் தராது, உதவித்தொகையும் வராது, விலகினால் திருப்பியும் வராது.

- ஆன்லைனிலோ டிடியாகவோ கட்டுங்கள். கணக்கில் தடம் இருக்கும்.

செய்யக்கூடாதவை

- ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் நன்கொடை வசூலைத் தடை செய்யும் சட்டம் 1992இலேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தும் வசூல் நடப்பதற்குக் காரணம், கொடுத்தவர் கையில் எந்தத் தாளும் இல்லாததுதான்.

- விடுதியும் பேருந்தும் 'கட்டாயம்' என்றால் உடனே தலையாட்டாதீர்கள். வீடு பக்கத்தில் இருக்கும்போது எதற்கு என்று கேளுங்கள். கட்டாயம் என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதுமே பல கட்டாயங்கள் தளர்ந்துவிடும்.

4. உதவித்தொகை

செய்ய வேண்டியவை

- சேர்ந்த முதல் வாரத்திலேயே கல்லூரியின் நோடல் அலுவலர் யார் என்று விசாரித்து வையுங்கள். உதவித்தொகை விண்ணப்பங்கள் பெரும்பாலும் கல்லூரி வழியாகத்தான் போகின்றன. கல்லூரி மாணவர்களுக்கான அரசுப் பதிவு எண்ணான யுஎம்ஐஎஸ் எண்ணில் மாணவரின் விவரம் சரியாக ஏறியிருக்கிறதா என்று அவரிடமே பார்த்துக்கொள்ளுங்கள்.

- புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் இரண்டுக்கும் தகுதி இருந்தால் விடாதீர்கள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவியாக இருந்த திட்டம், 2022 செப்டம்பர் 5 முதல் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. 2024 ஆகஸ்ட்டில் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது உண்டு. பட்டப்படிப்போடு டிப்ளமோ, ஐடிஐக்கும் கிடைக்கும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம்.

- பிசி, எம்பிசி, சீர்மரபினர் பிள்ளைகள் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளநிலைப் படிப்பு படித்தால், அவர்களுக்கான இலவசக் கல்வித் திட்டத்துக்கு வருமான வரம்பு கிடையாது. "எங்க வீட்ல சம்பளம் வருது, நமக்கு வராது" என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வரம்பு வருவது முதுநிலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்புகளுக்குத்தான்.

- மத்திய அரசின் திட்டங்களையும் பாருங்கள். பிளஸ் டூவில் தங்கள் வாரியத்தின் முதல் 20 சதவீதத்தில் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தேசிய உதவித்தொகை இணையதளம் வழியாக இளநிலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்க வழியுண்டு. தொழில்நுட்பப் படிப்பில் சேரும் மாணவிகளுக்கு ஏஐசிடிஇயின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய்; வருமான வரம்பு 8 லட்சம், ஒரு குடும்பத்தில் இரு பெண்கள் வரை.

- வெளியூரில் படித்தால் அரசு விடுதிக்கு விண்ணப்பியுங்கள். உணவும் தங்குமிடமும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளுக்கு வருமான வரம்பு 2.5 லட்சம், வீட்டிலிருந்து கல்லூரி 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். மாணவிகளுக்கு இந்தத் தூர விதி கிடையாது.

செய்யக்கூடாதவை

- 'புதுப்பித்தல்' தானாக நடக்கும் என்று இருந்துவிடாதீர்கள். முதல் வருஷம் வந்தது இரண்டாம் வருஷம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் விண்ணப்பம் புதுப்பிக்கப்படாததும், வருமானச் சான்றிதழ் காலாவதியானதும்தான்.

- இடையில் வேறு வங்கியில் கணக்கு தொடங்கி ஆதாரைக் கொடுத்துவிட்டு, "உதவித்தொகை வரலையே" என்று பழைய பாஸ்புக்கைப் புரட்டாதீர்கள். நேரடிப் பணம் கடைசியாகப் பதிவான கணக்குக்குத்தான் போகும். செல்போன் வாங்கும்போதோ வேலைக்கான பயிற்சியிலோ யாரோ தொடங்கிக் கொடுத்த கணக்கில் அது கிடந்துகொண்டிருக்கலாம்.

- வங்கிக்கு வந்த கல்விக் கட்டணப் பணத்தைக் குடும்பச் செலவுக்கு எடுக்காதீர்கள். எஸ்சி மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் உதவியில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு இப்போது நேராக மாணவரின் கணக்குக்கே வருகிறது. முன்பு கல்லூரிக்குப் போன பணம்தான் இது. மாணவர்தான் கல்லூரியில் கட்ட வேண்டும். வீட்டுக் கஷ்டத்தில் அது கரைந்துவிட்டால் கல்லூரிப் பாக்கி மாணவர் பெயரில்தான் நிற்கும்.

- படிப்பை அஞ்சல் வழிக்கு மாற்றும் முன் யோசியுங்கள். தொலைநிலைக் கல்விக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதாந்திர 1,000 ரூபாய் கிடையாது.

5. வங்கிக் கடன்

செய்ய வேண்டியவை

- முதலில் உதவித்தொகை, அதில் அடங்காததற்கு மட்டும் கடன். இந்த வரிசை மாறக்கூடாது.

- வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, அந்த எண்ணோடு கிளைக்குப் போங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே "இல்லை" என்பார்கள். வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை நம் பங்காகப் பணம் போட வேண்டாம், 7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் தேவையில்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதை வைத்து மேலதிகாரியிடமும், அடுத்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் போகலாம்.

- வட்டி மானியத்தை நீங்களே நினைவூட்டுங்கள். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழிற்படிப்போ தொழில்நுட்பப் படிப்போ படித்தால், படிக்கும் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் உள்ள முழு வட்டியையும் மத்திய அரசு ஏற்கும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலிட்ட தரமான நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு 8 லட்சம் வருமானம் வரை 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. அங்கும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இடமில்லை.

- மானியம் இல்லாவிட்டால், படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டிவிடுங்கள். கணக்குப் பாருங்கள்: வருஷத்துக்கு 1 லட்சம் வீதம் நாலு வருஷத்துக்கு 4 லட்சம் கடன், 10 சதவீதத் தனிவட்டி. படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கும்போது வட்டி 1,40,000 ஆகியிருக்கும். 5,40,000 ரூபாயைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 7,140 ரூபாய். வட்டியை அவ்வப்போது கட்டிவந்திருந்தால் மாதம் சுமார் 5,290. முதல் வருஷத்தில் அந்த வட்டி மாதத்துக்கு 833 ரூபாய்தான்.

செய்யக்கூடாதவை

- கந்துவட்டி, தங்க நகைக் கடன், 'ஆப்' கடன் ஆகியவற்றில் கல்லூரிக் கட்டணத்தைத் தொடங்காதீர்கள். முதல் தவணைக்கு அவசரமாக அடகு வைத்த நகை நாலு வருஷமும் அடகுக் கடையிலேயே இருந்துவிடும்.

- அரசியல் மேடையில் "கல்விக் கடன் தள்ளுபடி" என்று கேட்டதை நம்பித் தவணையை நிறுத்தாதீர்கள். தவறிய தவணை சிபில் கணக்கில் ஏறும். பிள்ளைக்கும், கூடக் கையெழுத்திட்ட அப்பாவுக்கும் சேர்த்தே ஏறும்.

- வட்டி மானியம் பெற்றவர் நடுவில் படிப்பை விடாதீர்கள். மருத்துவக் காரணம் போன்றவை தவிர, நடுவில் நின்றவருக்கு மானியம் கிடையாது. ஒரு மாணவருக்கு ஒருமுறைதான், இளநிலைக்கோ முதுநிலைக்கோ.

6. கல்லூரியை விட்டு விலகும்போது

செய்ய வேண்டியவை

- விலகுவதைத் தேதியோடு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். 2018இல் யுஜிசி வெளியிட்ட விதிப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு முன்போ விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும்; அலுவல் செலவென்று 5 சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் போகாமல், பிடித்துக்கொள்ளலாம். அந்தப் பதினைந்து நாளுக்குள் விலகினால் 90 சதவீதம், கடைசி நாளுக்குப் பிறகு 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50. அதற்கு மேல் ஒன்றுமில்லை. சமீப ஆண்டுகளில் இதைவிடத் தாராளமான கெடுவையும் யுஜிசி அறிவித்து வருகிறது. அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள்.

- தராவிட்டால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். 2023இன் யுஜிசி விதிமுறைகள் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் அப்படி ஒருவரை வைக்கச் சொல்கின்றன.

செய்யக்கூடாதவை

- "மூன்று வருஷக் கட்டணத்தையும் கட்டினால்தான் டிசி" என்றால் பயந்து கட்டாதீர்கள். கட்டணப் பாக்கிக்காகச் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக்கூடாது என்பது யுஜிசி விதி. சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

- தகராறாகப் பேசிவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள். பேசியதை அன்றே ஒரு மெயிலில் போட்டுவிடுங்கள்.

7. கல்லூரிகளும் அரசும்

பட்டியல் பெற்றோரோடு முடிந்துவிட்டால் அது நியாயமாகாது.

செய்ய வேண்டியவை

- அரசு ஒதுக்கீடு எவ்வளவு, நிர்வாக ஒதுக்கீடு எவ்வளவு, எந்த இடத்துக்கு எந்த உதவி கிடைக்கும் என்று கல்லூரிகள் சேர்க்கை அறையின் சுவரிலேயே தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.

- சலுகைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே விண்ணப்பம் போதும் என்று அரசு செய்ய வேண்டும். பள்ளியில் எமிஸ் எண், கல்லூரியில் யுஎம்ஐஎஸ் எண், வருவாய்த் துறையிடம் சான்றிதழ்கள் எல்லாம் அரசின் கையிலேயே இருக்கும்போது, அதே விவரத்தைக் கூலி வேலையை விட்டுவிட்டு வரும் அம்மா நாலு இடத்தில் நிரூபிக்க வேண்டியதில்லை.

செய்யக்கூடாதவை

- உதவித்தொகை வரவில்லை என்பதற்காக மாணவரை வகுப்புக்கு வெளியே நிறுத்தவோ ஹால் டிக்கெட்டை மறுக்கவோ கூடாது. தாமதம் செய்வது அரசு, அவமானப்படுவது பிள்ளை.

- படிப்பு நடந்துகொண்டிருக்கும்போது விதியை மாற்றி, ஏற்கெனவே சேர்ந்தவர்கள் தலையில் சுமத்தக்கூடாது. சேரும்போது இருந்த வாக்கு படிப்பு முடியும்வரை செல்ல வேண்டும்.

- பணத்தைக் கல்வியாண்டின் கடைசியில் அனுப்பிவிட்டு "வழங்கப்பட்டது" என்று கணக்கு காட்டக்கூடாது. கட்டணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி கல்லூரிக் காலண்டரில் அச்சாகிவிடுகிறது. உதவித்தொகை வரும் தேதியும் அதே பக்கத்தில் அச்சாகட்டும். தவறினால் அபராதம் யார் கட்டுவது என்பதும் அதன் கீழே அச்சாகட்டும்.